யூனிட் மணலில் எத்தனை டன்?

திருச்சி தென்னூர் உழவர் சந்தையில் கால் கிலோ பீன்ஸ் வாங்கினாலும் தராசில் நிறுத்துத்தான் கொடுக்கிறார்கள். எடை கொஞ்சம் குறைந்தால் "இன்னும் ரெண்டு போடுங்கண்ணே" என்று கேட்கிற உரிமை வாங்குகிறவருக்கு உண்டு. கூச்சப்படாமல் கேட்கவும் செய்கிறார்கள். அதே தென்னூரில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டுகிறவர், வாசலுக்கு லாரி லாரியாக மணல் வரவழைக்கிறார். ஒவ்வொரு லோடும் பல ஆயிரம் ரூபாய். அங்கே தராசு என்ற பேச்சே கிடையாது. 'ரெண்டு யூனிட்', 'மூணு யூனிட்' என்று போனில் ஒரு சொல், லாரிப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கிற ஒரு பார்வை, ரொம்ப விவரமானவர் என்றால் கையில் ஒரு டேப். அவ்வளவுதான் அளவை. இந்தப் பதிவில் நான் வாதாடப் போவது ஒரே விஷயத்துக்காக: ஆற்று மணலோ, கல்லை உடைத்துச் செய்கிற எம்-சாண்டோ, யூனிட்டில் விற்பதை விட்டுவிட்டு டன்னில் விற்க வேண்டும், ரசீதில் எடையோடு ஈரப்பதமும் எழுதப்பட வேண்டும். இதற்குத் தேவையான அறிவியல், அடர்த்தி என்றால் நிறையைக் கனஅளவால் வகுத்தால் வருவது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது மட்டும்தான். அதைப் பரீட்சையோடு மறந்துவிட்டதற்கு வீடு கட்டும்போது நாம் கட்டுகிற அபராதம் கொஞ்சநஞ்சமல்ல.

முதலில் யூனிட் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம். நூறு கனஅடி ஒரு யூனிட். மெட்ரிக் அளவில் 2.83 கனமீட்டர். காய்ந்த ஆற்று மணலை அள்ளித் தளர்வாகக் கொட்டினால் ஒரு கனமீட்டர் சுமார் 1.6 டன் நிற்கும். 2.83-ஐ 1.6-ஆல் பெருக்கினால் 4.53. அதாவது ஒரு யூனிட் காய்ந்த மணல் ஏறக்குறைய நாலரை டன். இந்த 1.6 என்பது மணல் துகளின் அடர்த்தி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்று மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். குவார்ட்ஸின் அடர்த்தி கனமீட்டருக்கு 2.65 டன். 1.6-ஐ 2.65-ஆல் வகுத்தால் 0.6 வருகிறது. அப்படியானால் கொட்டிக் கிடக்கிற மணலில் அறுபது சதவீத இடத்தில்தான் மணல். மீதி நாற்பது சதவீதம் துகளுக்கும் துகளுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம். கனஅடிக் கணக்கில் மணல் வாங்குகிறவர் அந்த வெற்றிடத்தையும் சேர்த்தே விலை கொடுத்து வாங்குகிறார். வெற்றிடம் எப்போதும் நாற்பது சதவீதமாகவே இருந்தால்கூடப் பரவாயில்லை, விலையை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். சிக்கல் என்னவென்றால் அது மாறிக்கொண்டே இருக்கும், அதை மாற்றுவதும் மிகச் சுலபம்.

எதனால் மாறுகிறது? ஈரத்தால். காய்ந்த மணலில் நூற்றுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் சேர்ந்தால் ஒவ்வொரு துகளையும் மெல்லிய நீர்ப்படலம் சுற்றிக்கொள்கிறது. அந்தப் படலத்தின் பரப்பு இழுவிசை துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, அவை சரிந்து நெருங்கி அமராதபடி தாங்கிப் பிடிக்கிறது. நனைந்த மணலைக் குவித்தால் செங்குத்தாக நிற்பதும், காய்ந்ததும் பொலபொலவென்று சரிவதும் இதனால்தான். நின்றுகொண்டிருக்கிற அந்த மணலுக்குள் வெற்றிடம் கூடிப்போகிறது, மணல் உப்பிவிடுகிறது. நடுத்தர மணல் கிட்டத்தட்ட 25 சதவீதம் உப்பும். பொடி மணலானால் 30, 40 சதவீதம் வரைக்கும் போகும். பருமணல் 15 சதவீதத்தோடு நின்றுவிடும். ஈரம் நாலு முதல் ஆறு சதவீதம் இருக்கும்போதுதான் இந்த உப்பல் உச்சத்தில் இருக்கும். இன்னும் தண்ணீர் சேர்த்துக்கொண்டே போனால் படலம் கலைந்து, மணல் பழையபடி அடங்கிவிடும். முழுக்க மூழ்கிய மணலும் முழுக்கக் காய்ந்த மணலும் ஏறத்தாழ ஒரே இடத்தைத்தான் அடைக்கும். இரண்டுக்கும் நடுவே, கையில் பிடித்தால் லேசாக ஒட்டுகிற பதத்தில்தான் ஏமாற்றம் அதிகம். ஆற்றிலிருந்து அள்ளி வருகிற மணலும், கழுவி அனுப்பப்படுகிற எம்-சாண்டும் பெரும்பாலும் அந்தப் பதத்தில்தான் வாசலில் வந்து இறங்குகின்றன.

எண்ணில் போட்டுப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். ஒரு யூனிட் பெட்டி நிறைய, 25 சதவீதம் உப்பிய மணல் வந்திருக்கிறது என்று வையுங்கள். 2.83-ஐ 1.25-ஆல் வகுத்தால் 2.26 கனமீட்டர், உண்மையில் இருக்கிற மணல் அவ்வளவுதான். அதன் எடை 3.62 டன். நாலரை டன் கிடைக்க வேண்டிய இடத்தில் 900 கிலோ குறைகிறது. ஐந்து சதவீத ஈரத்தின் எடையையும் சேர்த்தாலும் அந்த லோடு 3.8 டன்தான் நிற்கும். ஈர மணல் கனமாக இருக்கும் என்பது எல்லோருக்கும் இருக்கிற எண்ணம். கிலோ கிலோவாகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஒரே பெட்டியில் ஒரே மட்டத்துக்கு நிரப்பினால், லேசான ஈரம் உள்ள மணல் காய்ந்த மணலைவிட எடை குறைவு! கண்ணும் சொல்லாது, டேப்பும் சொல்லாது. எடை மேடை ஒன்றுதான் சொல்லும். விற்பவர் எந்தத் தில்லுமுல்லும் செய்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் நூறு கனஅடி என்று சொல்லி நூறு கனஅடியே கொடுத்திருக்கலாம். கோளாறு ஆளிடம் இல்லை, அளவையில் இருக்கிறது.

இதற்கு மேல் டேப்பிலும் கோளாறு உண்டு. பெட்டியின் உள்நீளம் 14 அடி, அகலம் 7 அடி என்றால் பரப்பு 98 சதுர அடி. அதில் ஓர் அங்குல உயரம் எட்டுக் கனஅடிக்குச் சமம். இரண்டு யூனிட் லோடில் இரண்டு அங்குலம் தவறினால் பதினாறு கனஅடி போய்விடும். அதாவது எட்டு சதவீதம். நடுவில் குவிந்து மூலைகளில் இறங்கிக் கிடக்கிற மணலுக்கு 'உயரம்' எது என்று லாரி டிரைவரும் வீட்டுக்காரரும் தெருவில் நின்று வாதாடித் தீர்க்க முடியாது. கம்பியை நாலைந்து இடத்தில் குத்திச் சராசரி எடுக்கலாம்தான். அதற்குள் பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுவார். போதாக்குறைக்கு, கரடுமுரடான சாலையில் குலுங்கிக் குலுங்கி வருகிற மணல் வழியிலேயே கொஞ்சம் அடங்கியும் இருக்கும். ஏற்றின இடத்தில் சரியாக இருந்த மட்டம் இறக்குகிற இடத்தில் குறைந்து தெரிவதற்கு விற்பவர் பொறுப்பா, பள்ளம் விழுந்த சாலை பொறுப்பா?

உப்பல் எவ்வளவு என்று கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2386, மூன்றாம் பகுதி, 1963-லேயே கட்டட வேலை நடக்கிற இடத்தில் செய்யக்கூடிய முறையைச் சொல்லிவிட்டது. நேரான பக்கங்கள் கொண்ட ஒரு பாத்திரம், ஓர் இரும்பு ஸ்கேல், ஒரு கம்பி இருந்தால் போதும். பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மணலைத் தளர்வாகக் கொட்டி, மேலே சமன் செய்து, ஸ்கேலை அடிவரைக்கும் செருகி உயரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 20 சென்டிமீட்டர் என்று வையுங்கள். மணலை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, முதல் பாத்திரத்தில் பாதி அளவு தண்ணீர் ஊற்றி, அதற்குள் அதே மணலைப் பாதி போட்டுக் கம்பியால் குத்தி, மீதியையும் போட்டுக் குத்திச் சமன் செய்து மறுபடி அளக்க வேண்டும். இப்போது 16 சென்டிமீட்டர்தான் நிற்கிறது என்றால், 20-ஐ 16-ஆல் வகுக்க 1.25, உப்பல் 25 சதவீதம். கால் மணி நேர வேலை. மணல் ஒரு பிடிகூட வீணாகாது, அப்படியே கலவைக்குப் போட்டுக்கொள்ளலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகப் புத்தகத்தில் இருக்கிற இந்தச் சோதனையை எந்த வீட்டு வாசலில் செய்கிறார்கள்? செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பதுகூட நியாயமில்லை என்பேன். பீன்ஸ் வாங்குகிறவரிடம் தராசு கொண்டு வா என்று நாம் சொல்வதில்லை.

சட்டம் யார் பக்கம் என்று பார்த்தால், 2009-ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டம் தெளிவாக இருக்கிறது. விலை சொல்வதும் விற்பதும் மெட்ரிக் முறையின் நியமமான அலகுகளில்தான் இருக்க வேண்டும் என்று அதன் 11-ஆவது பிரிவு சொல்கிறது. நூறு கனஅடி யூனிட் அந்தப் பட்டியலில் வராது. ஆனாலும் மணல் வியாபாரம் யூனிட்டில்தான் ஓடுகிறது, அரசாங்கமே ஆன்லைனில் மணல் விற்றபோதும் யூனிட்டில்தான் விற்றது. 2017-இல் நடந்த ஒரு விஷயம் இதை நன்றாகக் காட்டிக்கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மலேசியாவிலிருந்து ஏறத்தாழ 55,000 டன் ஆற்று மணல் கப்பலில் தூத்துக்குடிக்கு வந்து இறங்கியது. அதை வெளியே கொண்டுபோக மாநில அரசு அனுமதிக்காததால் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனது. அந்த வழக்கில்தான் நவம்பர் 29 அன்று, தமிழ்நாட்டு மணல் குவாரிகளை ஆறு மாதத்துக்குள் மூட வேண்டும் என்ற தீர்ப்பும் வந்தது. அது மேல்முறையீட்டுக்குப் போனது வேறு விஷயம். நான் கவனிக்கச் சொல்வது கப்பலில் அது டன்னாக வந்தது என்பதை. இப்படி மொத்தமாக வருகிற கப்பல் சரக்கை அளக்கிற முறையே அடர்த்திப் பாடம்தான். சரக்கோடு கப்பல் தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கிற எண்களைப் படிப்பார்கள்; அதிலிருந்து கப்பல் விலக்கிய தண்ணீரின் கனஅளவு தெரியும்; கடல்நீரின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறக்குறைய 1.025 டன் என்பதால் இரண்டையும் பெருக்கினால் கப்பலின் மொத்த எடை வந்துவிடும். சரக்கை இறக்கியபின் இன்னொரு முறை படித்துக் கழித்தால் சரக்கின் எடை. கடலைத் தராசாக்கிச் சரக்கை நிறுக்கிற வித்தை இது. தேசம் விட்டுத் தேசம் வருகிறவரை மணலுக்கு டன் கணக்கு, நம் ஊர் லாரியில் ஏறியதும் யூனிட் கணக்கு!

இன்னும் அண்மையில், 2025 ஏப்ரலில், கல்குவாரிகளிடமிருந்து அரசு வாங்குகிற சீனியரேஜ் கட்டணம் கனமீட்டர் கணக்கிலிருந்து டன் கணக்குக்கு மாறியது. கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பேச்சுவார்த்தைக்குப் பின் சாதாரணக் கல்லுக்கான கட்டணம் டன்னுக்கு 60 ரூபாயிலிருந்து 33 ரூபாயாகக் குறைந்தது. எது நியாயமான கட்டணம் என்பதற்குள் நான் போகவில்லை. ஆனால் அந்தச் சண்டையே அடர்த்தியைப் பற்றிய சண்டைதான். பாறையாக இருக்கும்போது ஒரு கனமீட்டர் கருங்கல் 2.65, 2.7 டன் நிற்கும். ஆகவே டன்னுக்கு 33 ரூபாய் என்பது கனமீட்டருக்கு 87, 89 ரூபாய். டன்னுக்கு 60 என்றால் கனமீட்டருக்கு 160 ரூபாயைத் தொட்டுவிடும். அதே கல்லை உடைத்து ஜல்லியாக லாரியில் ஏற்றினால் வெற்றிடம் புகுந்து ஒரு கனமீட்டர் ஒன்றரை கனமீட்டருக்கு மேலேயே ஆகிவிடும். கனமீட்டர் என்றால் பாறையிலா, லாரியிலா என்ற கேள்வி எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். டன் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. உடைத்தாலும் பொடித்தாலும் டன் டன்தான். அரசு தன் பங்கை டன்னில் வாங்கிக்கொள்வது சரியான முடிவு என்பதே என் எண்ணம். அதே கல்லிலிருந்து வந்த எம்-சாண்டை வாங்குகிற குடும்பத்துக்கு மட்டும் ஏன் யூனிட்?

இதற்கு எதிராகச் சொல்லப்படுகிற வாதங்களில் வலுவானது இது: எடையில் விற்றால் தண்ணீரை ஊற்றி விற்பார்கள். மணல் விலைக்குத் தண்ணீர் வாங்கியது போலாகும். இந்தப் பயம் நியாயமானது, அதனால் கணக்குப் போட்டே பதில் சொல்ல வேண்டும். ஐந்து சதவீத ஈரமுள்ள மணலை 4.53 டன் எடை போட்டு வாங்கினால் அதில் மணல் 4.31 டன், இழப்பு 220 கிலோ. அதே மணலை யூனிட்டில் வாங்கினால் இழப்பு 900 கிலோ என்று மேலே பார்த்தோம். ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஆனால் தண்ணீர் சொட்டச் சொட்ட வருகிற லோடு என்றால் கதை மாறும் என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். நாற்பது சதவீத வெற்றிடம் முழுக்கத் தண்ணீர் நின்றால், கனமீட்டருக்கு 1.6 டன் மணலோடு 0.4 டன் தண்ணீர் சேர்ந்துவிடும். லாரியில் வடிந்ததுபோக மிச்சமிருந்தாலும் அது சின்னத் தொகை அல்ல. அந்த நேரத்தில் கனஅடிக் கணக்கே வாங்குகிறவருக்கு நல்லது. அதனால்தான் எடை மட்டும் போதாது, ஈரப்பதமும் ரசீதில் வேண்டும் என்கிறேன்.

முடியாத காரியமா? காவிரிப் படுகையில் இதைவிடக் கடினமானதை நாம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம். நெல் இங்கே பல நூற்றாண்டுகள் கலம், மரக்கால், நாழி என்று முகத்தல் அளவையில்தான் அளக்கப்பட்டது. எந்த மரக்கால் என்பதில் தகராறு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் 'ஆடவல்லான்' என்று மரக்காலுக்குப் பெயர் வைத்துக் குறித்தன. இன்றைக்கு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் முகத்தல் அளவை கிடையாது. எடை போடுகிறார்கள், ஈரப்பத மீட்டரில் பார்க்கிறார்கள், 17 சதவீதம் என்பது வழக்கமான வரம்பு. மழைக்காலத்தில் அதைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் கேட்பதும் தளர்த்தப்படுவதும் நடக்கிறது. அந்த நிலையங்களின் குறைகளைப் பற்றி நிறையப் பேசலாம். ஆனால் எடையும் ஈரமும் சேர்ந்ததுதான் அளவு என்ற கொள்கையை எந்த விவசாயியும் மறுப்பதில்லை. நெல்லுக்கு மீட்டர் இருக்கிறது. மணலுக்கு ஒரு வாணலியும் சின்னத் தராசும் போதும். 1,000 கிராம் மணலை வறுத்து 950 கிராம் ஆனால் தண்ணீர் 50 கிராம். நெல் விற்கிற விவசாயியிடம் எதிர்பார்க்கிற ஒழுங்கை மணல் விற்கிறவரிடம் எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

அடுத்த வாதம் கொத்தனார் பக்கத்திலிருந்து வரும். கலவை போடுவது சட்டிக் கணக்கில். ஒன்றுக்கு நாலு, ஒன்றுக்கு ஐந்து என்பதெல்லாம் கனஅளவு விகிதம்தான். எடையில் வாங்கி என்ன செய்வது? உண்மையில் இந்தப் பழக்கத்தால்தான் உப்பலின் விளைவு சுவருக்குள்ளேயும் போய்விடுகிறது. 50 கிலோ சிமென்ட் மூட்டை ஏறக்குறைய 35 லிட்டர். ஒன்றுக்கு நாலு என்றால் 140 லிட்டர் மணல் போட வேண்டும். 25 சதவீதம் உப்பிய மணலில் 140 லிட்டர் அளந்து போட்டால் உள்ளே போனது 112 லிட்டர் மணல்தான். கலவை ஒன்றுக்கு 3.2 ஆகிவிட்டது. சிமென்ட் கூடுதலானால் நல்லதுதானே என்று தோன்றும். பூச்சு வேலையில் அப்படியில்லை. சிமென்ட் மிகுந்த கலவை உலரும்போது அதிகம் சுருங்கும், மயிரிழை விரிசல் விடும், காசும் வீண். நேற்று வெயிலில் காய்ந்த மணல், இன்று மழையில் நனைந்த மணல் என்றால், சித்தாள் ஒரே சட்டியில் ஒரே எண்ணிக்கையில் அள்ளிக் கொட்டினாலும் ஒரே சுவரில் இரண்டு விதக் கலவை ஏறியிருக்கும். அவர்மேல் குற்றமே இல்லை. கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456, மணலையும் ஜல்லியையும் எடையில்தான் அளக்கச் சொல்கிறது. எம்20 சாதாரணக் கலவையில் ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு மணல், ஜல்லி இரண்டும் சேர்த்து 250 கிலோவுக்கு மேல் போகக் கூடாது, தண்ணீர் 30 லிட்டருக்கு மேல் கூடாது என்று 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின் அட்டவணையே இருக்கிறது. சின்ன வீட்டு வேலையில் எடை போட்டுக் கலக்க முடியாது, சட்டிக் கணக்குத்தான் நடக்கும் என்பது எனக்கும் புரிகிறது. அப்போதும் உப்பல் 25 சதவீதம் என்று தெரிந்தால் நாலு சட்டிக்குப் பதில் ஐந்து சட்டி போட்டால் கணக்குச் சரியாகிவிடும். ரசீதில் ஈரமும் எடையும் இருந்தால் கொத்தனாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையிருக்காது, அவரே கேட்டு வாங்கிப் பார்ப்பார்.

எனக்கே முக்கியமாகப் படுகிற எதிர்வாதம் ஒன்று உண்டு. சுவரை நிரப்புவது எடை அல்ல, கனஅளவு. பூச்சுக்கு வேண்டியது இத்தனை கனமீட்டர் கலவை. அப்படியிருக்க டன்னில் வாங்குவது சுற்றிவளைப்பு இல்லையா? அடர்த்தி நமக்கு உதவுவதே இந்த இடத்தில்தான். சுவரில் போய் உட்காருவது துகள்கள், வெற்றிடம் அல்ல. ஒரு டன் குவார்ட்ஸ் மணலை எப்படிக் குவித்தாலும், நனைத்தாலும், உப்பவிட்டாலும், துகள்கள் மட்டும் அடைக்கிற இடம் 377 லிட்டர்தான், ஆயிரத்தை 2.65-ஆல் வகுத்தால் வருவது அது. கான்கிரீட் கலவையை முறையாக வடிவமைக்கிற பொறியாளர்கள் இந்தத் துகள் கனஅளவை வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். ஆக, எடை தெரிந்தால் சுவருக்கு வேண்டிய கனஅளவு தெரிந்துவிடும். லாரிப் பெட்டியின் கனஅளவு தெரிந்தால் அது தெரியாது. ஓர் எடுத்துக்காட்டு. ஆயிரம் சதுர அடிச் சுவருக்கு 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒன்றுக்கு ஐந்து பூச்சு. 92.9 சதுர மீட்டரை 0.012-ஆல் பெருக்க 1.115 கனமீட்டர் ஈரக் கலவை. காய்ந்த பொருள்களாக அளக்கும்போது 30 சதவீதம் கூட்டுவது வழக்கம், 1.45 கனமீட்டர். அதில் ஆறில் ஐந்து பங்கு மணல், அதாவது 1.21 கனமீட்டர், 1.6-ஆல் பெருக்கினால் 1.93 டன். ஐந்து சதவீத ஈரத்துக்கும் சேர்த்து இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே வாங்கினால் வேலை முடியும். சிமென்ட் 0.24 கனமீட்டர், 1,440-ஆல் பெருக்கினால் 348 கிலோ, ஏழு மூட்டை. இதையே யூனிட்டில் கேட்டால் காய்ந்த மணலுக்கு 0.43 யூனிட், உப்பியதற்கு 0.53 யூனிட். எதை ஆர்டர் கொடுப்பது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது. எம்-சாண்ட் என்றால் குழப்பம் இன்னும் கூடும். அதில் பொடி அதிகம் என்பதால் வெற்றிடம் குறைந்து, ஒரு யூனிட் பொதுவாக ஆற்று மணலைவிட எடை கூடுதலாக நிற்கும். ஆற்று மணல் யூனிட் விலையையும் எம்-சாண்ட் யூனிட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறோமே, அந்த ஒப்பீடே ஒப்பீடு அல்ல.

எடை மேடைக்கு எங்கே போவது, அங்கேயும் ஏமாற்ற மாட்டார்களா என்றும் கேட்பார்கள். திருச்சியைச் சுற்றி எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'கம்ப்யூட்டர் எடை மேடை' போர்டு கண்ணில் படாமல் போகாது. இரும்புக்கும் நெல்லுக்கும் கரும்புக்கும் அவை தினமும் வேலை செய்கின்றன. வேறு லாரியின் சீட்டைக் காட்டி ஏமாற்றலாம், காலி எடையைக் குறைத்து எழுதலாம், எல்லாம் நடக்கக்கூடியதுதான். ஆனால் சீட்டில் வண்டி எண், தேதி, நேரம், மொத்த எடை, காலி எடை எல்லாம் அச்சாகி வருகிறது. சந்தேகம் வந்தால் வேறொரு மேடையில் ஏற்றிப் பார்க்கலாம். தப்பை நிரூபிக்க ஒரு வழியாவது இருக்கிறது. யூனிட்டில் தப்பை நிரூபிக்கவே வழி இல்லை, ஏனென்றால் இறக்கிய அடுத்த நிமிடம் அளவு அழிந்துபோகிறது. எடைக்குப் போவதில் விற்பவர்களுக்கு உள்ள தயக்கத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். 2018-இல் உயர்த்தியபிறகும் இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 18.5 டன். காலி எடை ஏழு டன் என்றால் ஏற்றக்கூடியது பதினொன்றரை டன்; காய்ந்த மணலில் இரண்டரை யூனிட். அதே வண்டியில் மூன்று யூனிட் காய்ந்த மணல் ஏற்றினால் பதின்மூன்றரை டன் ஆகிவிடும். யூனிட் என்று எழுதினால் இது சீட்டில் தெரியாது. டன் என்று எழுதினால் பளிச்சென்று தெரியும். அது தெரிய வேண்டும் என்பதே என் விருப்பம். அதிக பாரம் ஏற்றிய லாரி பாலத்தையும் சாலையையும் மட்டுமல்ல, பக்கத்தில் சைக்கிளில் போகிறவரையும் ஆபத்தில் விடுகிறது.

ஆற்றுப் பக்கம் நின்று பார்த்தால் இந்த விஷயம் இன்னும் தீவிரமாகிறது. 2023-இல் தமிழக மணல் குவாரிகளைப் பற்றி அமலாக்கத் துறை விசாரித்தபோது, அள்ளப்பட்ட மணல் எவ்வளவு என்று மதிப்பிட ஐ.ஐ.டி. கான்பூர் நிபுணர்களை அழைத்தது; திருச்சி உள்ளிட்ட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்குச் சம்மனும் அனுப்பியது. அதன் சட்டச் சிக்கல்கள் தனி. எனக்கு அதில் உறுத்துவது, ஒரு மாநிலம் தன் ஆறுகளிலிருந்து எவ்வளவு மணல் போனது என்பதைப் பின்னாலிருந்து பள்ளத்தை அளந்து கண்டுபிடிக்க வேண்டிய நிலை. ஒரு ஹெக்டேரில் ஒரு மீட்டர் ஆழம் எடுத்தால் 10,000 கனமீட்டர், 3,530 யூனிட். அதே மணல் கால் பங்கு உப்பி லாரி ஏறினால் 4,400 யூனிட்டுக்கும் மேல். குவாரிச் சீட்டுகளைக் கூட்டினால் வருகிற எண்ணும், பள்ளத்தை அளந்தால் வருகிற எண்ணும் ஒருநாளும் ஒத்துப்போகாது. எந்தப் பக்கம் வேறுபட்டாலும் 'ஈரத்தில் உப்பியது', 'காய்ந்து அடங்கியது' என்று சொல்லிவிடலாம். ஒரு பங்கு கூடுதலாக அள்ளினாலும் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். டன்னில் அந்த மறைவிடம் இல்லை: 10,000 கனமீட்டர் பள்ளம் என்றால் ஏறக்குறைய 16,000 டன் காய்ந்த மணல், ஈரத்தைக் கழித்த எடைச் சீட்டுகளின் கூட்டுத்தொகை அதை ஒட்டித்தான் வர வேண்டும், வராவிட்டால் யாரோ பதில் சொல்ல வேண்டும். கொள்ளிடக் கரையில் இனி எந்தக் குவாரிக்கு அனுமதி கொடுத்தாலும், வாசலில் முத்திரையிட்ட எடை மேடை இருக்க வேண்டும், அன்றன்று வெளியே போன டன் அன்றன்றே இணையத்தில் ஏற வேண்டும், வாங்குகிறவர் கையில் அதே எண் உள்ள ரசீது கிடைக்க வேண்டும். எம்-சாண்ட் கிரஷர்களுக்கும் இதே நிபந்தனை. சீனியரேஜுக்காக டன் கணக்கு அவர்களிடம் ஏற்கெனவே எழுதப்படுகிறது; அதே எண்ணை வீட்டுக்காரரின் ரசீதிலும் அச்சிட்டால் போதும்.